ஆஸ்டின் தயாராகும்வரை

கரட்டுப்பாளையம்,
திருச்செங்கோடு வழி.
12-6-1977

அன்புத் தங்கை வசந்தாமணிக்கு அண்ணன் சென்னியப்பன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவில் இருக்கிறது, சின்னராஜுக்கு பாங்க் வேலை பழகிவிட்டதா என்று விவரமாக எழுதவும்.

அப்பாவின் ஆஸ்டின் காரை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். ஒன்பது வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கும் அங்கமுத்துவைக் கூட்டிவந்து காட்டினேன். பின் சீட்டில் கோழி அடை படுத்திருந்தது. "ஏனுங் கவுண்டரே, இது ஓட்டறதுக்கா, குஞ்சு பொரிக்கறதுக்கா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லிப்போடுங்க, அதுக்குத் தக்கன வேலை பாத்துக்கலாம்" என்றான். இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்த பிறகுதான் இன்ஜின் சுற்றவே சுற்றியது. முழு இன்ஜின் வேலை செய்தாக வேண்டும் என்கிறான்.

ஒரேயடியாகப் பணம் புரட்ட முடியாது. அதனால் மாதவாரியாகத் திட்டம் போட்டிருக்கிறேன். ஆனியில் இன்ஜினை இறக்கிக் கழற்றுவது. ஆடியில் பிஸ்டனும் ரிங்கும் வாங்கி, அந்த அளவுக்குச் சேலத்தில் சிலிண்டரை உள்ளே கடைந்து போர் அடிப்பது. புரட்டாசிக்குள் கிராங்க், பேரிங். கடலை விற்றதும் வால்வு, கேஸ்கட், ரேடியேட்டர். மார்கழியில் மரவள்ளி சேகோ ஆலைக்குப் போனதும் பேட்டரி, டயர். எல்லாம் இரண்டாயிரத்து நானூறுக்குள் அடங்கும். தை பிறக்கும்போது வண்டி ஓட வேண்டும்.

சீமை வண்டிக்கு இந்தப் பக்கம் பிஸ்டன் கிடையாது. மெட்ராஸில் பழைய ஸ்டாக் கிடைக்கும் என்கிறார்கள். நீதான் தேடிப் பார்க்க வேண்டும். வண்டி தயாரானதும் நாங்கள் மூன்று பேரும் அதிலேயே அங்கு வருகிறோம். ருக்குமணி பி.யு.சி. முடித்துவிட்டாள். மற்ற பேச்சை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

உன் அண்ணி வள்ளியாத்தாள் இப்போது காட்டுப் பக்கம் அதிகம் வருவதில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்
சென்னியப்பன்

*

மாம்பலம், சென்னை.
25-6-1977

அன்புள்ள அண்ணனுக்கு வசந்தாமணி எழுதியது.

உங்கள் கடிதம் வந்தது. எங்கள் மூவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. அங்கே மழை உண்டா?

ஆஸ்டின் விஷயம் படித்து ஆச்சரியப்பட்டேன். அப்பா போன பிறகு அந்தக் கொட்டகைக் கதவைக்கூட நீங்கள் திறந்ததில்லை. இவரிடம் சொன்னேன். "உங்கண்ணன் அந்தக் காசுக்கு வருஷம் பூரா டாக்ஸில போலாம். டாக்ஸிக்காரன் கும்பிடு வேற போடுவான்" என்று சிரித்தார். ஆனாலும் அலுவலகத்தில் விசாரித்து, பழைய சாமான் கடைகள் எந்தத் தெருவில் என்று கேட்டுவந்து சொன்னதும் அவர்தான்.

கல்லூரி திறந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் போய்த் தேடுகிறேன். சரித்திரப் பாடம் நடத்துகிறவள் பிஸ்டன் வாங்கப் போவதை என் மாணவிகள் பார்க்காமல் இருக்க வேண்டும்!

வள்ளியாத்தா நங்கை எப்போதும் உங்கள் கடிதத்தின் அடியில் இரண்டு வரி கிறுக்கி அனுப்புவார்களே, இந்த முறை காணோம். அடுத்ததில் எழுதச் சொல்லுங்கள்.

ருக்குமணிக்கு என் ஆசி.

தங்கை
வசந்தாமணி

*

கரட்டுப்பாளையம்
9-7-1977

வசந்தாமணி அம்மிணிக்கு நங்கை வள்ளியாத்தா எழுதிக்கிறது. உங்க ஊட்டுல அல்லாரும் நல்லா இருக்கோணும்.

அஞ்சாப்புப் படிச்ச கை, தப்பு இருந்தாப் பொறுத்துக்கோங்க. உங்கண்ணன் சந்தைக்குப் போயிருக்காங்க. அவங்க வாரதுக்குள்ள எழுதி, பால்கார முத்தாயம்மா கையில தபாலுக்குக் குடுத்து உடோணும்.

எனக்கு இடது மாருல ஒரு கட்டி இருக்குது அம்மிணி. மாசியில புளியங்கொட்டையாட்டம் இருந்துச்சு. இப்ப எலுமிச்சங்காய் அளவு. வலி இல்லீங்க. வலி இல்லாததுனாலதான் சும்மா இருந்துபோட்டேன். சித்திரையிலதான் அவங்ககிட்டச் சொன்னேன். ரெண்டு நாளு அவங்களுக்குச் சோறு எறங்கலை. ஈரோட்டுல நம்மளை ஆருன்னே தெரியாத ஒரு நர்சம்மாகிட்டக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க. மெட்ராசுல இதுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்குது, தாமசம் பண்ணாமக் கொண்டுபோங்கன்னு அது சொல்லுச்சு.

அதுக்குத்தான் இந்தக் காரு.

திருச்செங்கோட்டு டாக்ஸிக்காரங்க ரெண்டு பேரும் நம்ம சனம். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி உட்டா, அடுத்த சந்தைக்குள்ள ஊரு பூராத் தெரிஞ்சுபோகும். பஸ்ஸுல ஏறுனா கண்டக்டர்ல இருந்து காய்க்காரி வரைக்கும் "எங்கீங் போறீங்க"ன்னு கேப்பாங்க. குப்பாயி அக்காளுக்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சதும் அவிக மூணு பொண்ணுகளையும் ஒருத்தரும் வந்து பாக்கலை. ஆத்தாளுக்கு வந்தாப் பொண்ணுக்கும் வரும்னு பேசிப்போட்டாங்க. மூணும் இன்னும் ஊட்டுலதான் இருக்குது.

உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு உங்கண்ணன் சொல்லியிருக்காங்க. ருக்குமணியைச் சின்னராஜுக்குக் குடுக்கோணும்னு அவங்க மனசுல வெச்சிருக்கறது உங்களுக்கே தெரியும். கார்ல வந்து, ஆஸ்பத்திரியில காட்டிச் சொகமானதுக்கு அப்பறம் மத்ததுன்னு இருக்காங்க.

மலை மேல இருக்கற சாமி மேல ஆணை அம்மிணி, நான் எழுதினதை அவங்ககிட்டக் காட்டிக்காதீங்க. உங்க ஊட்டுக்காரங்ககிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பிஸ்டனை மட்டும் வெரசாத் தேடி அனுப்புங்க. அது என்ன சாமானம்னுகூட எனக்குத் தெரியாது. அது வந்தா வண்டி, வண்டி வந்தா ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உங்க மனசுக்கு நீங்க நல்லா இருப்பீங்க.

வள்ளியாத்தா

*

மாம்பலம், சென்னை.
3-8-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உங்கள் எல்லோருடைய உடம்பையும் பற்றித் தனித்தனியாக எழுதுங்கள்.

நான்கு சனிக்கிழமை அலைந்து பிஸ்டன் கிடைத்துவிட்டது. நாற்பது ஓவர்சைஸ், அசல் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாம், நான்கும் ரிங்கோடு, மெழுகுத்தாள் பிரிக்காதது. கடைக்காரர் பெரியவர். "ஏம்மா, இந்த வண்டியெல்லாம் இன்னும் உசுரோட இருக்கா?" என்று கேட்டார். முந்நூற்று இருபது ரூபாய். இதை நீங்கள் திருப்பித் தரவேண்டாம். அப்பாவின் வண்டியில் எனக்கும் பங்கு உண்டு. லாரி ஆபீஸில் பதிவு செய்துவிட்டேன். பத்துப் பதினைந்து நாளில் திருச்செங்கோடு வந்துசேரும். பிஸ்டன் கைக்கு வராமல் சிலிண்டரைத் தொடக்கூடாது என்று அந்தப் பெரியவர் மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

இன்னொன்று. வண்டி தயாராகத் தை ஆகும். அதற்குள் நங்கையை மட்டும் ஒரு பத்து நாள் இங்கே அனுப்பிவையுங்களேன். ஈரோட்டில் ரயில் ஏற்றிவிட்டால் நான் சென்ட்ரலுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என்னோடு படித்த ஒருத்தி இங்கே டாக்டராக இருக்கிறாள். நாற்பது தாண்டிய பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பாள். நானும் செய்துகொள்ள வேண்டும். துணைக்கு ஆள் இருந்தால் இருவருமாகப் போய்வருவோம்.

யோசித்து உடனே எழுதுங்கள்.

வசந்தாமணி

*

கரட்டுப்பாளையம்
30-8-1977

அன்புத் தங்கைக்கு,

சுகம். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. இன்ஜினைக் கழற்றியபோது மூன்றாம் சிலிண்டரில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. பார்சலுக்குக் காத்திருந்த சமயத்தில் சேலத்துப் பட்டறைக்காரர் ஆள் அனுப்பினார். ரிக் வேலை ஒன்று தள்ளிப்போய் போரிங் மிஷின் ஒருநாள் காலியாக இருக்கிறது, இப்போது விட்டால் தீபாவளிக்குப் பிறகுதான் என்றார். அங்கமுத்து தடுத்தான். "அவசரப்படாதீங் கவுண்டரே. பிஸ்டனைக் கையில வெச்சு அளந்துதானுங்க அறுக்கோணும். அறுத்த இரும்பை ஒட்ட வெக்க முடியாதுங்க" என்றான். நான் கேட்கவில்லை. தீபாவளி என்ற வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

நாற்பதில் அந்தக் கோடு போகாது, இன்னும் அகலமாக அறுபதுக்கு அடித்தால்தான் சுத்தமாகும் என்று மிஷின்காரர் கேட்டார். நாற்பது கிடைக்கிற ஊரில் அறுபதும் கிடைக்கும் என்று நினைத்துச் சரி என்றேன். இரண்டு நாள் கழித்து உன் பார்சல் வந்தது. நீ அனுப்பிய பிஸ்டனை உள்ளே விட்டால் கிணற்றில் வாளி விட்ட மாதிரி இறங்குகிறது. அங்கமுத்து கேலி செய்வான் என்று பார்த்தேன். டீ குடிக்கப் போய்விட்டான்.

அறுபது கிடைக்குமா? சிரமம் பார்க்காமல் விசாரிக்கவும்.

வள்ளியாத்தாளை அனுப்பச் சொல்லியிருந்தாய். மாடு கன்றை விட்டுவிட்டு அவளால் தனியாக வர முடியாது. வண்டியில் சேர்ந்தே வருகிறோம். அவளுக்கு ஒன்றுமில்லை. உன் பரிசோதனையை நீ தள்ளிப்போடாதே.

சென்னியப்பன்

*

மாம்பலம், சென்னை.
14-9-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு யாவரும் நலம். உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அறுபது இந்த ஊரில் எங்கும் இல்லை. கல்லூரிக்கு இரண்டு நாள் லீவு போட்டு இருபது கடைக்குமேல் ஏறி இறங்கிவிட்டேன். பம்பாய்க்கு எழுதிப் போடலாம், வருமா என்பது நிச்சயமில்லை என்கிறார்கள். அந்தப் பெரியவர் வேறொரு வழி சொன்னார். சிலிண்டருக்குள் புதிதாக இரும்புக் குழாய் இறக்கி, லைனர் என்கிறார், அதை நாற்பதுக்குப் போர் அடித்தால் இந்தப் பிஸ்டனே பொருந்துமாம். கோயமுத்தூரில் வார்த்துத் தருவார்களாம். இரண்டு மாதம் பிடிக்குமாம்.

அண்ணா, இரண்டு மாதம் எதற்கு? நீங்கள் மெட்ராஸ் வந்து போவதற்கு இந்த வண்டிதான் வேண்டுமா? சேலத்தில் டாக்ஸி கிடைக்காதா? உங்களைத் தெரியாத ஊர்க்காரனாகப் பார்த்து அமர்த்திக்கொள்ளுங்கள். செலவு என்னுடையது. எனக்கு உங்களையெல்லாம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. நானே வரலாம் என்றால் பேப்பர் திருத்தும் வேலை குவிந்து கிடக்கிறது.

நங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். கட்டாயம் சொல்லுங்கள்.

வசந்தாமணி

*

(அஞ்சலில் சேர்க்காதது)

2-10-1977

அன்புள்ள நங்கைக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வந்து இரண்டரை மாதம் ஆகிறது. ஆணையிட்டதால்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். இன்று காலை, காந்தி ஜெயந்தி விடுமுறையில், வீட்டில் ஒருவரும் இல்லாதபோது யோசித்துப் பார்த்தேன். நான் சாமிக்குப் பயப்படுகிறவள் இல்லை, நங்கை. அது உங்களுக்கும் தெரியும்.

இவரிடம் சொன்னால் மறுநாளே உங்களைக் கூட்டிவரச் சொல்வார். அதில் சந்தேகமில்லை. அன்று மாலையே, சின்னராஜுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்றும் சொல்வார். போன மாதம் ஒரு பெண்ணின் ஜாதகம் வந்தபோது, "அவங்கம்மா எதுல செத்தாங்கன்னு விசாரிச்சியா?" என்றுதான் முதலில் கேட்டார். அப்போது நான் என் பிள்ளை பக்கம் நிற்பேனா, உங்கள் பெண் பக்கம் நிற்பேனா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது என்று இருக்கும்வரை ஒன்றையும் முடிவு செய்யவேண்டியதில்லை. அதனால்தான் நானும் வண்டி தயாராகட்டும் என்று இருக்கிறேன்.

பேப்பர் திருத்தும் வேலை என்று அண்ணனுக்கு எழுதினேன். அது நான்கு நாளில் முடிந்துவிட்டது.

*

கரட்டுப்பாளையம்
24-11-1977

அன்புத் தங்கைக்கு,

தீபாவளி நோம்பிக்கு நீ அனுப்பிய புடவைகள் வந்தன. ருக்குமணி உடுத்திக்கொண்டாள். எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை.

கோயமுத்தூரிலிருந்து லைனர் வந்துவிட்டது. நான்கையும் இறக்கி, இந்த முறை பிஸ்டனைப் பக்கத்தில் வைத்து அளந்தே போர் அடித்தார்கள். கச்சிதம். கிராங்க் கிரைண்டிங் ஆகிவிட்டது. பேரிங்குகள் சேலத்திலேயே கிடைத்தன. வால்வு சீட் அறுக்கிற வேலை நடக்கிறது. ரிக் வண்டிகள் வந்தால் அங்கமுத்து நம் வேலையை ஓரம் தள்ளிவிடுகிறான். நான் தினமும் பட்டறைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். "என்னுங் கவுண்டரே, இப்படி உக்காந்து அடைகாக்கறீங்க? பொண்ணு பாக்க வாராங்களா?" என்று கேட்டான். "ஆமாப்பா" என்றேன். "அதானே பாத்தேன். மாப்பிளை ஊட்டுக்காரங்க முன்னாடி வண்டி நின்னுபோச்சுன்னா எம் பேரும்ல கெட்டுப்போகும்" என்று சொல்லி, அன்று பொழுது சாய்ந்த பிறகும் இருந்து வேலை பார்த்தான்.

திட்டத்துக்குமேல் தொள்ளாயிரம் ரூபாய் போய்விட்டது. கடலைப் பணம் தீர்ந்தது. மரவள்ளியை ஒரு மாதம் முன்னதாகவே பிடுங்கச் சொல்லிவிட்டேன். கிழங்கு முற்றவில்லை, மாவு குறையும் என்றார் ஆலைக்காரர். பரவாயில்லை.

வள்ளியாத்தாளுக்கு இடது கையைத் தூக்க முடியவில்லை. தலை சீவுவதுகூட ருக்குமணிதான். சுளுக்கு. எண்ணெய் போட்டு நீவிவிடுகிறோம்.

உங்கள் க்ஷேமத்துக்கு எழுதிக்கொண்டிருக்கவும்.

சென்னியப்பன்

*

கரட்டுப்பாளையம்
19-1-1978

அன்புத் தங்கைக்கு,

உங்களுக்குப் பொங்கல் நல்லபடி கழிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வண்டி ஓடுகிறது. தை மூன்றாம் நாள் ஸ்டார்ட் செய்தோம். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனி உங்க பேரன் ஓட்டலாமுங்க" என்றான்.

வரும் திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்படுகிறோம். புது இன்ஜினானதால் முதல் ஐந்நூறு மைல் இருபத்தைந்து மைல் வேகத்துக்குமேல் போகக்கூடாது. மீறினால் பிஸ்டன் சூடாகி உள்ளேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும், செய்த வேலையெல்லாம் வீண். இருபது மைலுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவைத்து வரவேண்டும். ஆகையால் வந்துசேர இரவு ஒன்பது பத்து ஆகலாம். எங்களுக்காகச் சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

வள்ளியாத்தாளுக்கு மூச்சு கொஞ்சம் வாங்குகிறது. வந்த இடத்தில் உன் டாக்டர் சிநேகிதியிடம் ஒருமுறை காட்டலாம்.

சென்னியப்பன்

*

மாம்பலம், சென்னை.
6-4-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் கேட்டு எழுதுவது வழக்கம். இந்த முறை அது வராது.

நங்கையின் காரியத்துக்கு வந்த மூன்று நாளும் உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேச வேண்டியதை எழுதுகிறேன்.

அன்று இரவு பதினொன்றரைக்கு நீங்கள் வந்து இறங்கியபோது, நங்கை பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார்கள். கை வீங்கி, ரவிக்கை போட முடியாமல் உங்கள் வேட்டியைச் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும், "உங்கண்ணன் மாட்டு வண்டியை எல்லாம் முன்னால உட்டுட்டாங்க அம்மிணி" என்று சிரித்தார்கள். சிரிக்க மூச்சு போதவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். "போன ஜூன் ஜூலையிலே வந்திருந்தா வேற பேச்சு பேசியிருக்கலாம். இத்தனை மாசம் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டார்கள். நீங்கள், "இன்ஜின் வேலை நடந்துட்டு இருந்துச்சுங்க" என்றீர்கள். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணா, எனக்கு ஜூலை மாதமே தெரியும். நங்கை எழுதியிருந்தார்கள். உங்களிடம் சொல்லக்கூடாது என்று ஆணையிட்டிருந்தார்கள். ஆனால் நான் வாய் திறக்காதது அந்த ஆணைக்காக மட்டும் இல்லை. தெரியும் என்று சொன்னால் சின்னராஜ் விஷயத்தில் நாங்கள் ஒரு முடிவு சொல்லவேண்டி வரும். அதற்குப் பயந்துதான் பிஸ்டனைப் பற்றி எழுதினேன், லைனரைப் பற்றி எழுதினேன். இங்கிருந்து ரயில் ஏறினால் ஒரே இரவு. வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம்.

இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார். பிறகு, "அந்தப் பொண்ணை நம்ம ஊட்டுக்கே எடுத்துக்கலாம், எழுது" என்றார். ருக்குமணியைச் சின்னராஜுக்குத் தாருங்கள். முறையாக வந்து கேட்கிறோம்.

என்ன திட்டுவதாக இருந்தாலும் எழுதித் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

வசந்தாமணி

*

கரட்டுப்பாளையம்
20-4-1978

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உயிரோடு இருக்கிறேன்.

உனக்குத் தெரியும் என்பது எனக்குப் போன ஆடியிலேயே தெரியும். நாற்பது தாண்டிய பெண்கள் பரிசோதனை என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்ததும், வள்ளியாத்தாள் சொல்லிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள்.

பிறகு ஒவ்வொரு தபாலிலும் நீ நேராகக் கேட்பாய் என்று பார்த்தேன். "நங்கைக்கு என்ன?" என்று ஒரு வரி. கேட்டிருந்தால் அன்றே பஸ் ஏறியிருப்பேன். ஊர் என்ன பேசினாலும், பெண்ணை எடுக்க என் தங்கை இருக்கிறாள் என்ற தைரியம் வந்திருக்கும். நீ சேலத்து டாக்ஸி என்று எழுதினாய். உங்களைத் தெரியாத ஊர்க்காரன் என்று எழுதினாய். நீயும் மறைக்கத்தான் சொல்கிறாய் என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் எனக்கு வண்டியை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

உன்மேல் கோபமில்லை. என் கையில் சாவி இருந்தது.

கல்யாண விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. உன் கடிதத்தை ருக்குமணியிடமே கொடுத்துவிட்டேன்.

சென்னியப்பன்

*

கரட்டுப்பாளையம்
2-5-1978

அன்புள்ள அத்தைக்கு,

மாமாவுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். அப்பா இரண்டு வேளை சாப்பிடுகிறார். ராத்திரிதான் தூங்குவதில்லை.

நீங்கள் என்னைக் கேட்டு எழுதியதைப் படித்தேன். கல்யாணம் இப்போது வேண்டாம், அத்தை. அத்தானிடம் குறை ஒன்றுமில்லை. மாமாவிடமும் இல்லை. எனக்காகத்தான் எல்லோரும் பேசாமல் இருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. அப்பா, அம்மா, நீங்கள் மூன்று பேருமே. ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டீர்கள். அம்மாவின் துணி துவைத்தது நான்தான். ஆனியிலேயே ரவிக்கையில் கறை பார்த்தேன்.

அப்பாவுக்கும் தெரியாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். போன ஆடி பதினெட்டுக்கு அடுத்த நாள், அப்பா பட்டறைக்குப் போயிருந்தபோது, நான் அம்மாவைக் கிளப்பினேன். "எனக்குக் கண்ணாலமே ஆகலைன்னாலும் பரவால்லீம்மா, நட போலாம்" என்றேன். எவ்வளவோ அடம் பிடித்தார்கள். கடைசியில் வந்தார்கள். செலவுக்கு அடகு வைக்க என்னுடைய கம்மலைப் பர்சில் வைத்திருந்தேன். சேலம் போய் அங்கிருந்து மெட்ராஸுக்கு ரயில் என்று விசாரித்தும் வைத்திருந்தேன்.

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டி நின்றது. படியில் கால் வைத்தோம். உள்ளே மூன்றாவது சீட்டில் ஆத்தாயி பெரியம்மா உட்கார்ந்திருந்தார்கள். "ஏனாயா வள்ளியாத்தா, ஆத்தாளும் மகளும் எங்கே பொறப்பட்டுட்டீங்க? ஆருக்கு என்ன?" என்று சத்தமாகக் கேட்டார்கள். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா காலைக் கீழே எடுத்துவிட்டார்கள். "எங்கீம் போகலீங்க்கா. இவளுக்கு வளையல் வாங்கலாம்னு வந்தோம்" என்றார்கள்.

நான் கையைப் பிடித்து இழுத்தேன், அத்தை. "ஏறும்மா, ஏறும்மா" என்றேன். என்னைவிட அவர்களுக்கு அப்போது பலம் அதிகமாக இருந்தது. கண்டக்டர் வந்து, "ஏறறீங்களா, இல்லியாம்மா?" என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினார்கள். விசில் ஊதிவிட்டார்.

பஸ் திரும்பி ரோட்டில் ஏறும்வரைக்கும் நின்றோம். பிறகு, வளையல் வாங்க வந்ததாகச் சொல்லிவிட்டோமே என்று, கடைக்குப் போய் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு ஊருக்கு நடந்தோம்.

இப்படிக்கு
ருக்குமணி